கைப்பிரேக்குக்கு எடுத்த கம்பி

சின்னப் பொருள்கள் செய்வதற்குப் பொறுமை வேண்டும் என்று சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வடக்குப் பக்கம் ஒரு யன்னலும், முழங்கையை ஊன்றிக்கொள்ள ஒரு மேசையும் இருந்தால் போதும்.

கண்காட்சிக் காரியதரிசி அவர்களே, உங்கள் கடிதம் கிடைத்தது. என் மாதிரிப் பந்தயக்காரை யாழ்ப்பாணத்துக் கைப்பணிக் கண்காட்சிக்கு அனுப்பும்படியும், அதனுள்ளே இருக்கும் ஒவ்வொரு உறுப்பும் எதனால் செய்யப்பட்டது என்று ஒரு குறிப்பு எழுதும்படியும் கேட்டிருக்கிறீர்கள். மாதிரியைச் செய்து ஒரு வருடமாகிறது. பலர் பார்த்திருக்கிறார்கள். ஒரு மரண விசாரணையில் அதை மேசைமேல் வைத்தே கேள்வி கேட்டார்கள். எதனால் செய்தாய் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. நீங்கள் கேட்டபடியால் எழுதுகிறேன்.

உண்மையான கார் இராசசிங்கத்தினுடையது. மலாயாவில், சிரம்பானில், ரெயில்வேக் கந்தோரில் அவருக்கு வேலை. எட்டு மாத லீவில் ஊருக்கு வந்தபோது காரையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தார். நீல நிறம். கூரை இல்லை. இரண்டு பேர் நெருக்கமாக இருக்கலாம். புத்தூரில் தன் வீட்டு மாட்டுக்கொட்டிலைச் சுத்தமாக்கி, நிலத்துக்குச் சீமெந்து பூசி அதை நிறுத்தியிருந்தார். மாடுகள் புளியமரத்தின் கீழ் நின்றன.

அவரை நான் கலியாணம் செய்வதாக இருந்தது. அதைவிட, அவருடைய தங்கை பியாட்றிஸை என் அண்ணை கிளரன்ஸ் கலியாணம் செய்வதாக இருந்தது என்று சொல்வதுதான் சரி. அண்ணைக்கும் பியாட்றிஸுக்கும் தேவாலயப் பாடகர் குழுவில் மூன்று வருடப் பழக்கம். அவளுடைய தகப்பனார் சம்மதித்தார், ஆனால் மாற்றுச் சம்பந்தமாக. அவர்கள் பெண் எங்கள் வீட்டுக்கு வந்தால் எங்கள் பெண் அவர்கள் வீட்டுக்குப் போகவேண்டும். ஒன்று நின்றால் மற்றதும் நிற்கும். எனக்கு இருபத்தேழு வயது. இராசசிங்கம் என்னை ஒரு தரம் பார்த்தார், சரி என்றார். உரும்பிராயில் எங்கள் வீட்டில் அன்று எல்லோரும் சந்தோசமாக இருந்தார்கள். அண்ணை சமையலறைக்கு வந்து என் தலையில் கை வைத்தார்.

"நீ ஓம் எண்டபடியாத்தான் சுகி, எனக்கு இது கிடைச்சது," என்றார்.

நான் ஓம் என்று சொல்லியிருக்கவில்லை. என்னிடம் யாரும் கேட்கவில்லை. ஆனால் அதை அப்போது திருத்துவது நன்றாக இருந்திருக்காது.

அந்த மாதம் பெங்களூரிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. நான் கொழும்பில் லண்டன் பி.எஸ்.ஸி. பரீட்சை எழுதியவள். மிஷன் பெண்கள் பள்ளிக்கூடமொன்றில் இரசாயனம் படிப்பிக்கிறேன். ஆடி மாதம் தொடங்கி ஆராய்ச்சி மாணவியாக வரலாம் என்று கடிதத்தில் இருந்தது. அம்மாவிடம் காட்டினேன். அவர் ஆங்கிலத்தை மெதுவாக வாசித்து, "நல்ல மரியாதையா எழுதியிருக்கினம் பிள்ளை," என்று சொல்லி, அதை அப்பாவின் வேதப்புத்தகத்துக்குள் வைத்தார்.

இராசசிங்கம் கெட்ட மனிதர் அல்ல என்பதையும் எழுதவேண்டும். ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் உடைந்த வெப்பமானியின் கண்ணாடிக் குழாயைச் சுடரில் உருக்கி ஒட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் நின்று முடியும்வரை பார்த்தார்.

"உம்மடை கை நல்ல கை," என்றார். "என்ரை காரைச் சின்னனாச் செய்து தாருமன். வெளிக்கூடு மட்டும் காணாது. உள்ளுக்கை இருக்கிற ஒவ்வொண்டும் இருக்கவேணும்."

"ஏன்?" என்று கேட்டேன்.

"பி.எஸ்.ஸி. படிச்ச பொம்பிளையைக் கட்டினனான் எண்டு சிரம்பானிலை சொன்னா ஒருத்தரும் நம்பாயினம். உதைக் காட்டினா நம்புவினம்."

சிரம்பானில் எனக்கு என்ன வேலை இருக்கும் என்று கேட்டேன். அவரிடம் நான் கேட்ட இரண்டாவது கேள்வி அதுதான்.

"வேலையோ?" என்று சிரித்தார். "சனிக்கிழமையிலை இருபது பேர் சாப்பிட வருவினம். அது காணும் உமக்கு வேலை."

அடுத்த கிழமை மாதிரியைத் தொடங்கினேன். எட்டில் ஒரு பங்கு என்று தீர்மானித்தேன். காரில் எட்டு அங்குலம் என்றால் மாதிரியில் ஒரு அங்குலம். பள்ளிக்கூடம் விட்டபின் அண்ணை என்னைத் தன் சைக்கிளில் புத்தூருக்கு ஏற்றிப் போவார். அவருக்கு அங்கே பியாட்றிஸைப் பார்க்கலாம். நான் கொட்டிலில் காருக்குள் குனிந்திருந்து அளப்பேன். அந்த ஆறு கிழமையும் என்னை யாரும் எதற்கும் கூப்பிடவில்லை. சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்காமல் விட்டார்கள். என் வாழ்க்கையில் மிக நல்ல ஆறு கிழமை அது.

இனி உறுப்புகள்.

நான் எதையும் வாங்குவதில்லை. நமக்கு வேண்டிய உறுப்பு வேறெங்கோ, வேறொரு வேலையில், ஏற்கெனவே இருந்துகொண்டிருக்கும். அதைக் கண்டுபிடித்து அளப்பேன். அளக்காமல் எதையும் எடுத்ததில்லை.

முன்பலகையில் உள்ள ஐந்து மானிகளின் கண்ணாடி, பள்ளிக்கூட நுணுக்குக்காட்டியில் பாவிக்கும் மெல்லிய மூடுகண்ணாடி. ஈரமான சிலேற்றில் தேய்த்து வட்டமாக்கினேன். எண்களை ஒற்றை மயிரால் எழுதினேன். சுக்கானின் வளையம் பித்தளைக் கம்பி, மேலே கறுப்பு நூல் சுற்றி அரக்குப் பூசியது.

மூன்று மிதிகளும் இரசாயனத் தராசுப் பெட்டிகளில் இருந்த ஐம்பது மில்லிக்கிராம் எடைகள். அலுமினியத் தகடு, கால் அங்குலச் சதுரம், ஒரு மூலை மடித்திருக்கும். மூன்று பெட்டிகளிலிருந்து ஒவ்வொன்று எடுத்தேன். அந்தத் தவணை பிள்ளைகளின் நிறுவைகள் ஒன்றும் பொருந்தவில்லை. ஆய்வுகூடத்தைக் கூட்டும் முதியவரைப் பெரிய ரீச்சர் கூப்பிட்டுப் பேசினார். அவர் முதலில் இல்லை என்றார். மறுநாள், கூட்டும்போது குப்பையோடு போயிருக்கும், தன் கண் முன்போல இல்லை என்றார். நான் பக்கத்தில் நின்று பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.

இருக்கைகளின் தோல் அப்பாவின் வேதப்புத்தகத்தின் பின்னட்டை. இருக்கைக்கு வேண்டிய பழுப்பு நிறமும் மடிப்பும் அதில்தான் இருந்தன. அதைக் கழற்றும்போது பெங்களூர்க் கடிதம் கீழே விழுந்தது. திரும்ப உள்ளே வைத்தேன். பக்கக் கண்ணாடியைப் பிடிக்கும் திருகாணி அம்மாவின் மூக்குக்கண்ணாடியில் இருந்தது. அம்மா ஒரு மாதம் அண்ணையைக் கொண்டு வாசிப்பித்துக் கேட்டார்.

கடைசியாக மிஞ்சியது கைப்பிரேக். பந்தயக்கார் என்றபடியால் அது நீளமானது, பதினாறு அங்குலம். ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் உருண்டையாகவும் இருக்கும் இரும்பு. மாதிரிக்கு இரண்டு அங்குல அரைவட்டக் கம்பி வேண்டும். உருண்டைக் கம்பியை அராவிப் பார்த்தேன். வெளிச்சம் பட்டால் அராவிய கோடு தெரிந்தது.

காரின் பிரேக் எப்படி வேலை செய்கிறது என்று இங்கே சொல்லவேண்டும். மிதியின் கீழிருந்து ஒரு தண்டு பின்னால் போகிறது. மிதியையும் தண்டையும் விரல் நீள ஆணியொன்று சேர்க்கிறது. அந்த ஆணி நழுவாதபடி அதன் நுனியில் ஒரு துளை. அந்தத் துளைக்குள் இரண்டாக மடித்த ஒரு கம்பியைச் செருகிக் கால்களை விரித்து விடுவார்கள். ஸ்பிளிட் பின் என்று சொல்வது. இரண்டு அரைவட்டங்கள் சேர்ந்து ஒரு வட்டம். கைப்பிரேக்கும் அதே ஆணியில்தான் வந்து சேர்ந்தது. இவ்வளவையும் அந்தக் காரில் இராசசிங்கத்தைவிட நான் நன்றாக அறிந்திருந்தேன்.

சித்திரை மாதத்து ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் கடைசி அளவுக்குப் போனேன். அடுத்த நாள் காலை இராசசிங்கம் வல்லைவெளியில் காரை ஓட்டி வேகம் பார்ப்பதாக இருந்தது. நீக்கிலாப்பிள்ளை காரின் கீழிருந்து வெளியே வந்துகொண்டிருந்தார். யாழ்ப்பாணத்தில் கராஜ் வைத்திருந்தவர். ஐம்பது வயது இருக்கும். பிரேக்குக்குப் புது ஆணி போட்டதாகச் சொல்லிக் கை துடைத்தார்.

"ரீச்சர், உங்கடை சின்னக் காருக்கு எவ்வளவு பெற்றோல் விடுறது?" என்று கேட்டார்.

நான் பதில் யோசிக்குமுன் அண்ணை சொன்னார். "இவள் கதைக்கிற அளவு காணும், நீக்கிலாண்ணை. கிழமைக்கு ரெண்டு சொட்டு."

எல்லோரும் சிரித்தோம். பியாட்றிஸ் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டாள். நீக்கிலாப்பிள்ளை அண்ணையோடு போனார். இராசசிங்கம் கொட்டில் வாசலில் நின்று, "வைகாசியிலை கலியாணம், ஆனியிலை கப்பல். உமக்குப் பெட்டி அடுக்க நாள் காணுமோ?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நில்லாமல் அவரும் போனார்.

நான் காருக்குள் குனிந்தேன். புது ஸ்பிளிட் பின் எண்ணெய் பட்டுப் பளபளத்தது. கால்கள் ஒழுங்காக விரிந்திருந்தன. நீக்கிலாப்பிள்ளை கவனமான வேலைக்காரர். என் பெட்டியில் சின்னக் குறடு இருந்தது. கால்களைச் சேர்த்து நெரித்து இழுத்தேன். தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. ஆணி தன் இடத்தில்தான் இருந்தது. தொட்டுப் பார்த்தேன், இறுக்கமாக இருந்தது. அது நாலைந்து மைல் தாங்கும் என்றும் நினைக்கலாம், தாங்காது என்றும் நினைக்கலாம். இராசசிங்கத்துக்கு ஒரு கால் முறிந்தால் மூன்று மாதம் படுக்கவேண்டும், கலியாணம் தள்ளிப்போகும், லீவு முடியும், ஆடி வந்துவிடும். இதை அன்றைக்கு நினைத்தேன் என்று நான் சொல்லவில்லை. கணக்கு அப்படி வருகிறது என்று மட்டும் சொல்கிறேன். அன்றைக்கு எனக்கு வேண்டியிருந்தது ஒரு அரைவட்டக் கம்பி.

வல்லைவெளியை நீங்கள் அறிவீர்கள். புத்தூர் தாண்டினால் பருத்தித்துறை வீதியில் மரமே இல்லாத உவர்வெளி. காற்றைத் தவிர ஒன்றுமில்லை. வீதி நேராகப் போய்ப் பாலத்தில் முடியும். வழியில் முனியப்பர் கோயில். அந்த வழியால் போகும் வண்டிக்காரர் எல்லோரும் நின்று கற்பூரம் கொளுத்திவிட்டுத்தான் போவார்கள். நாங்கள் வேதக்காரர், கிறிஸ்தவர்கள்; சனிக்கிழமை காலை அங்கே நிற்கவில்லை. பிறகு ஊரார் அதைத்தான் காரணம் என்றார்கள். அது காரணம் அல்ல.

பியாட்றிஸ் ஓட்டம் தொடங்கும் இடத்தில், கொடிக்குப் பதிலாக ஒரு லேஞ்சியை, கைக்குட்டையை, உயர்த்திக்கொண்டு நின்றாள். பாலத்துக்கு முன்னூறு யார் தூரம் இப்பால் ஒரு கம்பம் நட்டு, அங்கே நானும் அண்ணையும் நின்றோம். பள்ளிக்கூடத்து நிறுத்துகடிகாரம் என் கையில். லேஞ்சி விழுந்ததும் அழுத்தினேன். இராசசிங்கம் கம்பத்தைத் தாண்டியபோது முப்பத்துநாலு செக்கன். அப்புறம் பிரேக் பிடித்தார். கார் ஒழுங்காக நின்றது. திருப்பி எங்களிடம் கொண்டுவந்து இறங்கினார். முகம் சிறுபிள்ளையின் முகம் போல இருந்தது.

எனக்கு அப்போது வந்தது ஆறுதல்தான். ஒன்றும் நடக்கவில்லை, நான் ஒரு கம்பி எடுத்தேன், அவ்வளவுதான் என்று தோன்றியது. வீட்டுக்குப் போனதும் நீக்கிலாப்பிள்ளைக்கு ஏதாவது சொல்லி வேறொன்று போடச் செய்யலாம் என்றும் நினைத்தேன்.

"இப்ப என்ரை முறை," என்று அண்ணை உள்ளே ஏறினார்.

அவர் ஓட்டுவதாக முன்பு யாரும் சொல்லவில்லை. இராசசிங்கம் காற்றுக்குப் போட்டிருந்த தன் கண்ணாடியைக் கழற்றி அவருக்கு மாட்டிவிட்டார்.

"அண்ணை," என்றேன்.

"என்ன சுகி?"

என்ன சொல்வது. அவர் இறங்குவதற்கு ஒரு காரணம் வேண்டும். உண்மையான காரணத்தைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும். இராசசிங்கம் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கு வார்த்தை வராது. சிறுவயதிலிருந்தே அப்படித்தான்.

"காத்துக் கூடிப்போச்சு," என்றேன்.

"பின்னுக்கு வாற காத்து நல்லதுதானே," என்று சிரித்தார் அண்ணை. மிதியில் அவருடைய கால் இருந்தது. வெள்ளைச் சப்பாத்து. ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்திருந்தது.

கார் மெதுவாகத் தொடக்கத்துக்குப் போனது. இராசசிங்கம் என் பக்கத்தில் நின்றார்.

"அண்ணைக்கு எண்டா பயப்படுறீர். நான் ஓடேக்கை ஒரு சொல்லும் காணேல்லை," என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார்.

லேஞ்சி விழுந்தது. நான் அழுத்தினேன். அண்ணை கம்பத்தைத் தாண்டியபோது நிறுத்தினேன். முப்பத்திரண்டு செக்கன். இராசசிங்கத்தைவிட இரண்டு செக்கன் குறைவு. அதன்பின் பிரேக் பிடிக்கும் சத்தத்துக்குக் காத்திருந்தேன். பாலத்தில் ஒரு மாட்டுவண்டி ஏறிக்கொண்டிருந்தது. அண்ணை வண்டியில் மோதவில்லை. இடப்பக்கம் வெட்டினார். வண்டிக்காரருக்கும் மாடுகளுக்கும் ஒரு கீறல் இல்லை. அண்ணை நல்லவர்.

அண்ணையின் மரண விசாரணையில் காரைக் காட்டமுடியவில்லை. பாதி நசுங்கியிருந்தது, மீதி சேற்றில் இருந்தது. பிரேக் ஆணியும் கிடைக்கவில்லை. காரின் உள்ளே எது எங்கே இருந்தது என்று யாருக்குச் சரியாகத் தெரியும் என்று கேட்டார்கள். இராசசிங்கம் என் பெயரைச் சொன்னார். மாதிரியைக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். அப்போது அது முடிந்திருந்தது. மரணவீடு முடிந்த கிழமை கைப்பிரேக்கைப் பொருத்தினேன்.

விசாரணை அதிகாரி பூதக்கண்ணாடியால் பார்த்தார். மிதி எங்கே தண்டோடு சேர்கிறது என்று கேட்டார். காட்டினேன். ஆணியைக் காக்கும் ஸ்பிளிட் பின் மாதிரியில் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அதைச் செம்பு மயிர்க்கம்பியில் செய்திருந்தேன். கால்களும் விரித்திருந்தேன். கேட்ட எல்லாவற்றுக்கும் உண்மையே சொன்னேன்.

அதிகாரி நீக்கிலாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார். "ஒரு பொம்பிளைப்பிள்ளை விளையாட்டுக் காரிலை மறக்காததை நீ எப்படி மறந்தாய்?"

"போட்டனான் ஐயா. விரிச்சும் விட்டனான்," என்றார் நீக்கிலாப்பிள்ளை. மூன்று தரம் சொன்னார். மூன்றாவது தரம் குரல் இறங்கிவிட்டது.

வழக்குப் போட்டு ஆறு மாதம் சிறையில் மறியல் வைத்தார்கள். கராஜ் பூட்டிக் கிடந்தது. மறியலால் வந்தபின் ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரச் சொல்லியும் வராமல் படலையடியிலேயே நின்றார். இப்போது சண்டிலிப்பாயில் புகையிலைத் தோட்டத்துக்குத் தண்ணி இறைப்பதாகச் சொன்னார்.

"மறியலுக்குள்ளை ஒவ்வொரு நாளும் யோசிச்சுப் பாத்தன் ரீச்சர்," என்றார். "போட்டனான் எண்டுதான் முதலிலை இருந்தது. இப்ப அந்தப் பின்னை என்ரை கையிலை பிடிச்ச நினைவும் இல்லை. மறந்துதான் போட்டன். உங்கடை அண்ணரை நான்தான் சாக்கொண்டிட்டன். நீங்கள் மன்னிச்சன் எண்டு ஒரு சொல்லுச் சொன்னாக் காணும்."

அம்மா உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். அந்த மனிதர் ஒரு சொல் கேட்டு வெயிலில் ஆறு மைல் நடந்து வந்திருந்தார். இல்லை என்று எப்படி அனுப்புவது.

மன்னித்தேன் என்றேன். அவர் அழுதார். மோர் கொடுத்தேன், குடித்துவிட்டுப் போனார்.

இராசசிங்கம் ஆனியில் தனியே கப்பல் ஏறினார். மாதிரியை வேண்டாம் என்றார். மாற்றுச் சம்பந்தத்தில் ஒன்று நின்றால் மற்றதும் நிற்கும். பியாட்றிஸ் இன்னும் வெள்ளைதான் உடுத்துகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் என் பக்கத்தில் வந்து இருக்கிறாள். ஆடியும் வந்தது. அம்மாவைத் தனியே விட்டுப் பெங்களூருக்குப் போகமுடியாது என்று எழுதிவிட்டேன். எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்பதை நீங்கள் கவனிக்கவேண்டும். ஏதாவது பலனுக்காகச் செய்தவள் என்றால் பலன் இருந்திருக்கும்.

நீங்கள் கேட்டது கைப்பிரேக்கைப் பற்றியும்தான். மாதிரி முழுவதிலும் அந்தக் காரின் சொந்த இரும்பு அது ஒன்றுதான். நீக்கிலாப்பிள்ளை போட்ட அந்த ஸ்பிளிட் பின்தான். மடிப்பை நிமிர்த்தி, இரண்டு காலையும் ஒரே கோட்டில் தட்டி எடுத்தேன். நடுவுக்குச் சற்று மேலே ஒரு ஒட்டு இருக்கும், பூதக்கண்ணாடி வைத்தால் தெரியும். அது என் வேலையில் உள்ள ஒரே குறை. அதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை. கம்பி நிமிர்த்தியபின் ஒன்றரை அங்குலம்தான் இருந்தது. மீதி அரை அங்குலத்துக்கு அம்மாவின் கொண்டையூசியில் ஒரு துண்டு வெட்டி ஈயம் பற்றவைத்தேன்.

கொண்டையூசியும் அரைவட்டக் கம்பிதான். நிமிர்த்தினால் ஐந்து அங்குலம். அந்த வெள்ளிக்கிழமை அது என் பெட்டியில், குறட்டுக்குப் பக்கத்தில் இருந்தது.

பின்னைக் கழற்றுமுன், காருக்குள் அது இருந்த இடத்திலேயே வைத்து அளந்தேன். அரை அங்குலம் குறையும் என்று அப்போதே தெரியும்.